பொட்டு வைத்த கவசம்

மகாகவசத்தை எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கிறதுன்னு இப்பெல்லாம் சாரத்துல தொத்தி மேல ஏறி வந்து என்னையத்தான் கேக்கறாங்க. ஜப்பான்காரன் நாப்பது வருசத்துக்கும் மேல எடுத்துக்கிட்டே இருக்கற பொம்மைப்படத் தொடரு, பாகம் பாகமா நீண்டுக்கிட்டே போறது, ஒவ்வொரு பாகத்துலயும் மலையாட்டம் ஒரு இரும்பு ஆளு, கவசம்னு பேரு, அதோட நெஞ்சுக்குள்ள உக்காந்து ஓட்டறதுக்கு ஒரு நெசமான ஆளு. இதுல தெய்வாத்தாளுக்கு என்ன தெரியும்னு ஒருத்தருக்கும் தோணறதில்லை. பனியன் கம்பெனில செக்கிங் பாத்தவ நான், துணியில ஓட்டை தேடியே கண்ணு தேஞ்சவ. ஆனாலும் மூச்சு வாங்க ஏறி வந்துட்டீங்க, சொல்லாம அனுப்பினா நல்லா இருக்காது. அந்த ஓரமா உக்காருங்க, கம்பியை மட்டும் தொட வேண்டாம்.

நாங்க இருந்தது திருப்பூர்ல, ஓனர் அவினாசியப்பன் கட்டி விட்ட லைன் வீட்டுக் காம்பவுண்டு. எதிரும் புதிருமா ரெண்டு வரிசை வீடு, நடுவுல வாசல், வாசல்ல ஒரே ஒரு குழாய், மூணு பக்கமும் ஜன்னல்கூட இல்லாத கம்பெனிச் சுவரு, நாலாவது பக்கம் கேட்டு. அன்னிக்கு ஆயுத பூஜை. தையல் மெசின், தண்ணி மோட்டார், கிரைண்டரு, அருவாமனை எல்லாத்தையும் தொடச்சு வெச்சு, பொரிகடலையைத் தட்டுல கொட்டி, பூசணிக்காய்க்கு ஓட்டை போட்டுக்கிட்டு இருக்கையில, அந்தப் படத்துல வர்ற மாதிரியே ஒரு இரும்பு ஆளு ரோட்டோட நடந்து வந்துச்சு. மூணு மாடி உசரம் இருக்கும். கரண்டுக் கம்பிக்குக் குனிஞ்சு குனிஞ்சு வந்து, வெகுதூரம் நடந்த மனுசன் கண்ட இடத்துல உக்கார்ற மாதிரி எங்க கேட்டை அடைச்சுக்கிட்டு உக்காந்து, ஒரு கையை வாசலுக்குள்ள நீட்டி உள்ளங்கையை மல்லாத்தி வெச்சுக்கிச்சு. போட்ட கோலம் அழிஞ்சு போச்சேன்னு மூணாம் நம்பர் வீட்டு ரங்கம்மா சத்தம் போட்டா.

சந்தனக் கிண்ணமும் குங்குமக் கிண்ணமும் வைரமணி கையில இருந்துச்சு. தாராபுரத்துப் பக்கத்துப் புள்ள, அயர்ன் செக்சன் லோகுவைக் கட்டிக்கிட்டு வந்தவ, ஓவர்லாக் மெசின் ஓட்டறவ, அப்ப நாலு மாசம் முழுகாம இருந்தா. ஆயுத பூஜையன்னிக்கு இரும்புன்னு ஒண்ணு கண்ணுல பட்டாப் பொட்டு வெக்காம விடறதில்லை நாங்க. அவளும் மோட்டாருக்கு வெச்சா, கிரைண்டருக்கு வெச்சா, அப்படியே வரிசையா வந்து அதோட முட்டியில சந்தனத்தைப் பூசிக் குங்குமத்தையும் வெச்சுட்டா. வெச்ச நொடியே அது கண்ணுல எரிஞ்சுக்கிட்டு இருந்த வெளிச்சம் அணைஞ்சு போச்சு.

எங்க தொழில்ல ஒரு மொறை இருக்குங்க. பொட்டு வெச்ச மெசினை மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கற வரைக்கும் ஓட்டக் கூடாது. எடுக்கறப்பவும் எந்தக் கை பொட்டு வெச்சுதோ அந்தக் கைக்காரிதான் உக்காந்து முதல் தையல் போடோணும், ஒரு சாண் தையலாவது. அடுத்தவ உக்காந்தா அந்த வருசம் பூரா நூல் அறுந்துக்கிட்டே கெடக்கும். எங்கிருந்தோ வந்த இரும்புக்கு இது எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. வந்த ஊர் மொறையை மதிச்சு அது அடங்கிப் போச்சு, அவ்வளவுதான்.

மறுநாள் சூடம் காட்டினதும் அதோட நெஞ்சுல ஒரு கதவு திறந்துச்சு. உள்ள ஒரு நாற்காலி, காலுக்குக் கீழ ஒரு பெடலு, அசல் நம்ம பவர் மெசின் பெடலு மாதிரியே. ஓனர் ஆள் விட்டுச் சாரம் கட்ட வெச்சார். ஆம்பளைக ஒவ்வொருத்தரா ஏறி உக்காந்து பெடலை மிதிச்சுப் பாத்தாங்க, அது அசையலை.

"பொட்டு வெச்சவ உக்காந்தாத்தான் எந்திரிக்கும். வைரமணியை ஏத்துங்க"ன்னேன் நான்.

"முழுகாம இருக்கற புள்ளைய அத்தனை உசரத்துல ஏத்தறதா? பேசறதைப் பாரு"ன்னா ரங்கம்மா.

"விடுங்கக்கா, நாளைக்குத் தானா எந்திரிச்சுப் போயிரும்"னான் லோகு. வைரமணி கையில இருந்த குங்குமத்தைச் சேலையில தொடச்சுக்கிட்டா.

நாளைக்குன்னவன் தீபாவளிக்கும் அதையேதான் சொன்னான். அதோட இடது முட்டிக்கும் கேட்டுத் தூணுக்கும் நடுவுல ஒரு சந்து விட்டிருந்துச்சு. ஒல்லியா இருக்கறவங்க மூச்சை இழுத்துப் பிடிச்சு, ஒரு தோளை முன்னால விட்டு அதுல நுழைஞ்சு கம்பெனிக்குப் போனாங்க, வந்தாங்க, சம்பளம் வாங்கினாங்க, சந்தையில காய் வாங்கினாங்க. என் உடம்பைத்தான் பாக்கறீங்களே. ஒரு தரம் முயற்சி பண்ணி பாதியில மாட்டிக்கிட்டு, உள்ள இருந்து நாலு பேரு இழுத்து எடுத்தாங்க, ஜாக்கெட்டு கிழிஞ்சதுதான் மிச்சம். அன்னையில இருந்து நான் அந்த வாசலுக்குள்ளயே கெடந்தேன். கம்பெனில என் எடத்துல வேற ஆளைப் போட்டுட்டாங்க. சுவரை இடிக்கலாமேன்னு கேட்டா ஒரு கம்பெனிக்காரர் ஷிப்மெண்ட் முடியட்டும்னார், இன்னொருத்தர் அவரு இடிச்சா நானும் இடிக்கறேன்னார். தீயணைப்பு வண்டி அந்தச் சந்து ரோட்டுல திரும்ப முடியாம ரிவர்ஸ்லயே போச்சு.

மனுசனுக்கு எதுதான் பழகாம இருக்குது. அதோட விரலுக்கு விரல் கயிறு கட்டித் துணி காயப்போட்டோம், உள்ளங்கையில மொளகாயும் வடகமும் உலர்த்தினோம், வெளிப்பக்கம் அதோட குதிகால் நிழல்ல ஒருத்தன் டீக்கடை போட்டான், முதுகுல ரெண்டு கட்சிக்காரங்க யாருக்கு எவ்வளவு எடம்னு கோடு கிழிச்சு வெள்ளையடிச்சுக்கிட்டாங்க, கார்த்திகைக்குத் தோள்ல விளக்கு வெச்சோம், மார்கழிக்குக் காது ஓரத்துல ஒலிபெருக்கி கட்டினோம். சாமி உக்காந்திருக்கற காம்பவுண்டுன்னு சொல்லி அவினாசியப்பன் வாடகையை ஏத்தினார். அது பாட்டுக்கு உக்காந்திருந்துச்சு, நாங்க பாட்டுக்கு அதைச் சுத்தி இருந்தோம்.

வைரமணி ஆரம்பத்துல சந்துல போயிட்டு வந்துக்கிட்டுத்தான் இருந்தா. கார்த்திகை வரைக்கும் பக்கவாட்டுல ஒருக்களிச்சுப் போனா. ஒரு நாள் காலைல சாப்பாட்டுப் பையோட போனவ, தூணுக்கும் முட்டிக்கும் நடுவுல வயித்தை வெச்சுப் பாத்துட்டுத் திரும்பி வந்து குழாயடியில உக்காந்துக்கிட்டா. அதுக்குள்ள லோகு வெளிய வேற வீடு பாத்து அவளை முன்னாலயே கூட்டிப் போயிருக்கலாம்னு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அதுக்கப்பறம் பகல் பூராவும் அந்த வாசல்ல நானும் அவளும்தான்.

மாசம் ஒருக்கா ஒரு நர்ஸம்மா சந்துல நுழைஞ்சு வந்து அவளைப் பாத்துட்டுப் போவாங்க. தை பொறந்ததும் வந்தவங்க வயித்தைத் தடவிப் பாத்துட்டு முகம் சுருங்கிப் போனாங்க.

"புள்ள குறுக்க கெடக்குது. ஊட்டுல வெச்சுப் பாக்க முடியாது. வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகோணும், இல்லீன்னா ரெண்டு உசிருக்கும் ஆகாது. இந்தக் கேட்டுக்கு ஒரு வழி பண்ணுங்க"ன்னாங்க.

வழி சொல்றதுக்குத்தான் துரைராஜ் இருந்தானே. ஆறாம் நம்பர் வீடு, கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு டிசைன் போடறவன், தலை நரைக்க ஆரம்பிச்சும் கல்யாணம் ஆகலை, மகாகவசத்துல ஒண்ணு விடாமப் பாத்தவன். அவன் அதைச் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, "இது எந்தப் பாகத்துலயும் வராத கவசமுங்க. இன்னும் எடுக்காத பாகத்துல இருந்து வந்திருக்குது. முன்கதை தெரியாதவங்களுக்கு இது எப்படிங்க அடங்கும்? எல்லாரும் முறையா மொதல்ல இருந்து பாக்கோணும். பாத்து முடிச்சாத்தான் எந்திரிக்கும்"னான். ஏதோ ஒண்ணு செய்யறோம்கற நிம்மதி எல்லாருக்கும் தேவையா இருந்துச்சு. சாயங்காலமானா அவன் டி.வி.யைத் தூக்கி வாசல்ல அந்த உள்ளங்கை மேல வெச்சோம். நடுவிரல் டி.வி.க்கு முட்டுக் கொடுத்த மாதிரி இருந்துச்சு.

மொதல்ல இருந்துன்னா எது மொதல்னு அங்கதான் சண்டை. மொதல்ல எடுத்த பாகம் ஒண்ணு, கதைப்படி முன்னால நடக்கற பாகம் இன்னொண்ணு. எடுத்த வரிசைலதான் பாக்கோணும்னு துரைராஜ் இருந்த கிழக்கு வரிசை நின்னுச்சு. தாத்தன் கதை தெரியாம பேரன் கதை எதுக்குன்னு ரங்கம்மா தலைமையில மேற்கு வரிசை நின்னுச்சு. ரங்கம்மா வீட்டு டி.வி.யும் வாசலுக்கு வந்துருச்சு. ரெண்டு வரிசையும் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து, எதிர்ச் சத்தம் காதுல விழாம இருக்கத் தங்க டி.வி. சத்தத்தைக் கூட்டி வெச்சுப் பாத்தாங்க. ஒரு வரிசை பாக்காத கதையை இன்னொரு வரிசை வாய் தவறிச் சொல்லிட்டா அன்னைக்குக் குழாயில தண்ணி கெடையாதுன்னு கட்டுப்பாடு வேற. மெகாசீரியலை நடுவுல பிடிச்சு, விட்டதை அடுத்த வீட்டுக்காரிகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டே காலம் பூரா பாத்த பொம்பளைக, ஒருத்திக்கொருத்தி கதை சொல்லாம வாயைக் கட்டிக்கிட்டாங்க. அந்த வாசல்ல அதுவரைக்கும் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை, எனக்கு அது பிடிக்கவும் இல்லை.

பொய் சொல்லக் கூடாது, நானும் பாத்தேன். ரெண்டு பக்கமும் போய் உக்காந்து பாத்தேன், என்னைத் தடுக்க எவளுக்குத் தைரியம். வைரமணி மட்டும் எந்தப் பாகம் ஆரம்பிச்சாலும் மொத வாரத்துக் கதையைப் பாப்பா, ரெண்டாவது வாரத்துக் கதை ஓட ஆரம்பிச்சா என் மடியில தலையை வெச்சு முந்தானையை மூஞ்சி மேல இழுத்துக்குவா.

"எல்லாப் பாகத்துலயும் மொத வாரம் ஒண்ணுதானுங்கக்கா"ன்னா ஒரு நாள், என் முதுகுக்குத் தைலம் தேச்சுக்கிட்டே.

"என்ன ஒண்ணு?"

"ஊரு எரியுது. ஓட்டத் தெரிஞ்சவன் யாரும் இல்லை. ஒண்ணும் தெரியாத ஒருத்தன், போகப் பிடிக்காத ஒருத்தன், வேற வழியில்லாம ஏறி உக்கார்றான். உக்காந்ததும் அது எந்திரிக்குது. அதுக்கு முன்கதை எதுக்குங்க?"

அவ சொன்னது சரிதான், எங்கிருந்து ஆரம்பிச்சாலும் ஆரம்பம் அதுதான். ஆனா அவ பாக்காத ரெண்டாவது வாரத்தை நான் பாத்திருந்தேன். அதுவும் எல்லாப் பாகத்துலயும் ஒண்ணுதான். ஒரு தரம் ஏறினவனை அது விடறதில்லை. அவன் கைக்கு மட்டுந்தான் அடங்கும், அவன் எங்க போனாலும் பின்னாலயே வரும். பெரிய மனுசங்க வந்து வருத்தமாத்தான் இருக்குது, ஆனாலும் நீயே ஓட்டுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அதுக்கப்பறம் மிச்ச வாரம் பூராவும் அந்த நாற்காலிதான். இது எனக்குத் தெரியும், ரெண்டு வரிசைக்கும் தெரியும், அதனாலதான் பொட்டு வெச்சவளை ஏத்துங்கன்னு அப்பறம் நானும் வாயைத் திறக்கலை.

மாசி மாசம், முற்பகல் வேளை. ஒல்லியா இருக்கறவங்க எல்லாம் கம்பெனிக்குப் போயிட்டாங்க. வாசல்ல மொளகாய் கிளறிக்கிட்டு இருந்த வைரமணி குழாயைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே குனிஞ்சுட்டா. நான் லோகுவுக்குப் போன் போட்டேன், ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். ஆம்புலன்ஸ் வந்துச்சு, சந்துக்கு அந்தப்பக்கம் நின்னுச்சு. நர்ஸம்மா உள்ள நுழைஞ்சு வந்து அவளைத் தொட்டுப் பாத்துட்டு, "என் கையில ஒண்ணும் இல்லீங்க, இந்தப் புள்ளைய வெளிய கொண்டாங்க"ன்னு என்னைப் பாத்தாங்க. வெளிய லோகு வந்து அந்த முட்டியைக் கையால தள்ளிக்கிட்டு அழுதது எனக்குக் கேட்டுச்சு.

வைரமணி எந்திரிச்சுச் சாரத்துக்கிட்டப் போனா.

"வேண்டாங்கண்ணு"ன்னேன். அதுக்கு மேல என்னால அடக்க முடியலை. குழாய்த் தண்ணியும் கட்டுப்பாடும் நாசமாப் போகட்டும்னு, "ரெண்டாவது வாரம் என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. ஏறினவங்களை அது விட்டுப் போகாது. அப்பறம் உன் காலம் பூரா அதுதான்"னு சொல்லிட்டேன்.

அவ ஒரு மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு வலி போற வரைக்கும் நின்னா.

"தெரியுங்கக்கா. மூஞ்சியைத்தானே மூடிக்கிட்டேன், காதையா மூடினேன்? ஆயுத பூஜை முடிஞ்ச அடுத்த நாளே நான்தான் உக்காரோணும்னு எனக்குத் தெரியும். பயமா இருந்துச்சு. நீங்க யாராச்சும் வேற வழி கண்டுபிடிப்பீங்கன்னு பாத்தேன்."

அவ ஏறினா. கீழ இருந்து நான் என் தோளைக் கொடுத்துத் தாங்கித் தாங்கி ஏத்தினேன், நர்ஸம்மா ஒரு பக்கம் பிடிச்சாங்க, மூங்கில் கெறீச் கெறீச்சுன்னு கத்துச்சு. அவ நாற்காலியில உக்காந்து, மெசின்ல உக்கார்றதுக்கு முன்னால தொட்டுக் கும்பிடற மாதிரி கும்பிட்டு, பெடலை மிதிச்சா. கதவு சாத்திக்கிச்சு. கண்ணுல வெளிச்சம் வந்துச்சு. துணியும் மொளகாயும் ரெண்டு டி.வி.யும் சரியச் சரிய அது எந்திரிச்சு நின்னுச்சு, கரண்டுக் கம்பிக்குக் குனிஞ்சு, ஆஸ்பத்திரி இருக்கற பக்கம் பாத்து மெதுவா, உள்ள இருக்கறவளுக்கு அலுங்காம நடந்து போச்சு. கேட்டு திறந்து கெடந்துச்சு. நான் வெளிய வந்து ரோட்டுல நின்னேன், அத்தனை மாசம் கழிச்சு, சந்தோசமே வரலை.

ஆஸ்பத்திரிப் படியில அதே அவளை உள்ளங்கையில எறக்கி விட்டுச்சாம். ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க, பொம்பளைப் புள்ள, ரெண்டு உசிரும் தப்புச்சு. தையல் பிரிச்சு அவ கிளம்பினா, அதுவும் எந்திரிச்சுக் கிளம்புச்சு. அவ பஸ் ஏறினா அது பஸ் பின்னால நடந்துச்சு, பஸ்காரங்க அவளை ஏத்த மாட்டேன்னுட்டாங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலை அடைச்சுக்கிட்டு உக்காந்துக்கிச்சு, எந்த ஓனர் வீடு கொடுப்பாரு. கடைசில ஊருக்கு வெளிய ஒரு பழைய தறிக் குடோன்ல இருந்தா. லாரி கவுந்தா கூப்பிட்டாங்க, பாலத்துத் தூண் சாஞ்சா கூப்பிட்டாங்க, "சித்த நேரம் வந்துட்டுப் போ அம்மிணி"ன்னு பெரிய மனுசங்க எல்லாம் வந்து வருத்தமாக் கேட்டுக் கூட்டிப் போனாங்க. மத்த நேரத்துக்குக் குடோன் வாசல்ல அது, உள்ள அவ, நடுவுல அதே அளவுச் சந்து. லோகு வாரம் ஒருக்கா வந்துட்டுப் போனான், மிச்ச நாளெல்லாம் கிழக்கு வரிசையோட பதினோராம் பாகம் பாத்துக்கிட்டு இருந்தான். நான் போனா உள்ள நுழைய முடியாது. அவ புள்ளையைச் சந்து வழியா எனக்கு நீட்டுவா. புள்ளைக்கு அந்த எடம் தாராளமா இருந்துச்சு.

மறு ஆயுத பூஜை வந்துச்சு. அவ ஒத்தையா இருப்பாளேன்னு காம்பவுண்டே கிளம்பிக் குடோனுக்குப் போச்சு. பொரிகடலை எடுத்துக்கிட்டோம், மாலை எடுத்துக்கிட்டோம், பூசணிக்காய், வாழைக்கன்னு, தேங்காய், சூடம், சந்தனம், புள்ளைக்குப் புதுச் சட்டை, எல்லாம் எடுத்துக்கிட்டோம். அதோட முட்டியைத் தண்ணி விட்டுக் கழுவி மாலையும் போட்டோம். வைரமணி சந்துல தலையை நீட்டி, "அக்கா, குங்குமம் இருக்குங்களா?"ன்னு கேட்டா.

யாரும் கொண்டாரலை. ரங்கம்மா துரைராஜைப் பாத்தா, துரைராஜ் லோகுவைப் பாத்தான், லோகு புள்ளையோட சட்டையில இருந்த விலைச்சீட்டைக் கிள்ளிக்கிட்டு இருந்தான். அத்தனை பேரும் சொல்லி வெச்ச மாதிரி அதை மட்டும் மறந்திருந்தாங்க. புது வருசத்துக்குப் பொட்டு வெக்கற கை எதுவோ, அதுதான் மறுநாள் உக்காரோணும், யாரும் வெக்கலைன்னா பழைய கையேதான்.

"பரவாயில்லீங்க"ன்னா அவ. குரல்ல ஒண்ணும் காட்டிக்கலை. அந்தப் பரவாயில்லீங்கதான் எனக்கு ஆகலை. கெரகம் பிடிச்சவங்களேன்னு அத்தனை பேரையும் பாத்து ஒரு சத்தம் போட்டேன். என் சுருக்குப்பையில மாரியம்மன் கோயில் குங்குமப் பொட்டலம் எப்பவும் கெடக்கும், எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் அந்தப் பையைப் பாக்கலை. நான் பிரிச்சேன். விரல்ல தொட்டு அந்த முட்டியில அழுத்தி வெச்சேன். அது கண்ணு அணைஞ்சுச்சு.

மறுநாள் காலைல அங்கயும் சாரம் கட்டி ஏறினேன். மேல இருந்து ரெண்டு பேரு இழுத்து, கீழ இருந்து நாலு பேரு தள்ளித்தான் ஏறினேன். நாற்காலியில நான் அடங்குவனான்னு எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாங்க. அடங்கலைதான், ரெண்டு பக்கமும் இடிக்குது, இப்பவும் இடிக்குது, நீங்களே பாக்கறீங்க. ஒரு சாண் மட்டும் பெடலை மிதிச்சேன். கீழ வைரமணி புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு நடந்தா, கை காட்டினா, தாராபுரம் பஸ் நின்னுச்சு, ஏறி ஜன்னலோரமா உக்காந்து கழுத்தைத் திருப்பி இதையே பாத்துக்கிட்டு இருந்தா. பஸ் கிளம்புச்சு, வளைவுல திரும்புச்சு, தூசி அடங்குச்சு. இது எந்திரிக்கலை, அவ பின்னால போகலை.